மேசைமேல் இரண்டு நிமிடம்

பூனைக் கண்காட்சி முடிந்து, அரங்கின் வாசலில் வண்டிக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "காலையில எட்டு மணிக்கு வந்தோம், சாயங்காலம் ஆறாச்சு. ஜட்ஜ் கையில நம்ம பூனை ரெண்டு நிமிஷம்கூட இல்லீங்க." சொல்கிறவர் பெரம்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ கூடையும் மெத்தையும் மண் ட்ரேயுமாகச் சுமந்து வந்தவராக இருப்பார். அடுத்த வரியும் ஏறக்குறைய மாறாது. "பக்கத்துக் கூண்டுப் பூனைக்கு முடியே கம்மி. அதுக்குப் போய் ரிப்பன் குடுத்திருக்காங்க." இந்த மனத்தாங்கலைக் கேட்டுவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. அதில் பாதி நியாயம். நாள் முழுக்கக் காத்திருந்தவருக்கு, அந்த இரண்டு நிமிடத்தில் என்ன பார்த்தார்கள் என்று விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை. மற்ற பாதிதான் தவறு. பழகிய கைக்கு இரண்டு நிமிடம் தாராளம். பூனையை எத்தனை மாதம் எப்படி வளர்த்தார்கள் என்பது முழுவதும் அதற்குள் தெரிந்துவிடும்.

சென்னைக்கு நாய்க் கண்காட்சி பழக்கமான விஷயம். ராஜபாளையமோ லேப்ரடாரோ, உரிமையாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார், நிற்க வைப்பார், தட்டிக் கொடுப்பார். நாய்க்குத் தெரிந்த முகம் பக்கத்திலேயே இருக்கும். பூனைக் கண்காட்சியில் அப்படி இல்லை. நடுவர் மேசையருகே எண் போட்ட கூண்டில் பூனையை விட்டுவிட்டு நீங்கள் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அதன்பின் அது தனியாள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கூண்டைத் திறந்து, தூக்கி, மேசையில் வைத்து, வாயைப் பிரித்து, வாலைத் தடவிப் பார்ப்பார். தன் இடத்தையும் தன் வாசனையையும் விட்டு வெளியே வராத ஒரு பிராணியிடம் நாம் கேட்பது இதைத்தான். இதற்குப் பழக்காமல் குளிப்பாட்டி, பவுடர் போட்டு மட்டும் கூட்டிவருவதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை.

நூறு மதிப்பெண் எங்கே போகிறது

1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் என்ற ஆங்கில ஓவியர் நடத்திய கண்காட்சியைத்தான் இன்றைய முறையின் தொடக்கமாகச் சொல்வார்கள். எந்த வகைப் பூனைக்கு எந்த அம்சம் எவ்வளவு பெறும் என்று மதிப்பெண் எழுதிவைத்தவரும் அவர்தான். அந்த வழக்கம் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. நடுவர் உங்கள் பூனையைப் பக்கத்துக் கூண்டுப் பூனையோடு ஒப்பிடுவதற்கு முன், அந்த இனத்துக்கு எழுதிவைத்த இலக்கணத்தோடு ஒப்பிடுகிறார். சென்னையில் அதிகம் வளர்க்கப்படும் பெர்ஷியனையே எடுத்துக்கொள்வோம். 1906இல் தொடங்கிய அமெரிக்கப் பூனை அமைப்பான சிஎஃப்ஏ எழுதியிருக்கும் கணக்கு இது: கண்ணும் காதும் சேர்த்துத் தலைக்கு 30, எலும்பும் வாலும் சேர்த்து உடலமைப்புக்கு 20, நிறத்துக்கு 20, கண்ணின் நிறத்துக்கு 10, ரோமத்துக்கு 10, சமநிலைக்கு 5, நயத்துக்கு 5. வாசலில் நின்று "முடியே கம்மி" என்று குமுறியவர் பேசியது நூறில் அந்தப் பத்தைப் பற்றி மட்டும்தான்.

கடைகளில் புழங்கும் சொற்களும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். 'டால் ஃபேஸ்' (மூக்கு தெரியும் முகம்), 'செமி பஞ்ச்' (பாதிச் சப்பை), 'பஞ்ச்' (முழுச் சப்பை), 'ட்ரிபிள் கோட்' (அடர்ந்த முடி) என்றெல்லாம் விலைக்கேற்ப வகை பிரித்து விற்கிறார்கள். சிஎஃப்ஏயின் பெர்ஷியன் இலக்கணத்தில் இவற்றில் ஒன்றுகூட வகுப்பாகக் கிடையாது. ட்ரிபிள் கோட் என்று அதிகப் பணம் கொடுத்து வாங்கிய பூனைக்கு மோவாய் உள்வாங்கி, கால் நீண்டு, வால் மெலிந்திருந்தால் எவ்வளவு சீவினாலும் மேசையில் தேறாது. சில குறைகளுக்கு மதிப்பெண் குறைவதோடு முடியாது, பூனையே தகுதி இழந்துவிடும்: வாலில் முடிச்சு அல்லது வளைவு, ஒரே நிறப் பூனையின் மார்பில் வெள்ளைத் திட்டு, மாறுகண், பின்னங்காலில் தளர்ச்சி, முன்காலில் ஐந்தும் பின்காலில் நான்கும் என்ற விரல் கணக்கு தவறுவது. இவற்றை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் நுழைவுக் கட்டணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

முகம் சப்பையாவதைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைத் தாண்டி மேலே போகக்கூடாது என்று பிரிட்டனின் பூனை அமைப்பான ஜிசிசிஎஃப் விதி வைத்திருக்கிறது. மூச்சுக்கும் கண்ணீர்க் குழாய்க்கும் வழி விடுகிற இந்த எல்லை, சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் சென்னைப் பூனைக்கு இன்னும் அதிகமாகத் தேவை. முகம் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு உயர்வு என்று நினைத்து இனம் பெருக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காதை மடிக்கும் மரபணு எலும்பு மூட்டுகளையும் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகும் ஸ்காட்டிஷ் ஃபோல்ட் குட்டிக்கு அலைவதும் அப்படித்தான்.

கை என்ன பார்க்கிறது

இனி அந்த இரண்டு நிமிடம். கூண்டிலிருந்து தூக்கும்போதே முதல் தேர்வு நடந்துவிடுகிறது. ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைத் தாங்கும், மறு கை பின்பாகத்தைத் தாங்கும். அந்த ஒரு தூக்கலில் எடை, தசை, முதுகெலும்பு துருத்துகிறதா, வயிறு தொங்குகிறதா என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளேயே உலர்தீனி தின்று கிடக்கும் பெர்ஷியன் பார்வைக்குக் கனமாக இருக்கும். தூக்கினால் அந்தக் கனம் கொழுப்பு என்று தெரியும். அடுத்து மேசையில் நிறுத்தி, ஓரடி விலகி நின்று மொத்த உருவத்தைப் பார்ப்பார்கள். பிறகு தலை. கட்டைவிரல் நெற்றியிலிருந்து மூக்குத்தண்டில் இறங்கும், ஆள்காட்டி விரல் மோவாயைத் தாங்கும், உதட்டை லேசாகத் தூக்கி மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். விளக்குப் பக்கம் இறகுக் குச்சியை ஆட்டினால் பூனை நிமிர்ந்து பார்க்கும். கண்ணின் நிறமும் காதின் நிலையும் அந்தக் கணத்தில்தான் சரியாகத் தெரியும். கடைசியில் உள்ளங்கை முதுகில் ஓடி, வாலின் அடியிலிருந்து நுனிவரை இரு விரலால் நெருடிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத முடிச்சு அங்கே அகப்படும். கருத்தடை செய்யாத வளர்ந்த ஆணுக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். ரோமத்தை எதிர்த்திசையில் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. பவுடர் மிச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, தெள்ளுப்பூச்சியின் கரும்பொடி என்று நாம் மறைக்க நினைத்த எல்லாம் அப்போது வெளியே வரும்.

முக்கியமான திருப்பம் இந்த வரிசைக்கு நடுவில் இருக்கிறது. தூக்கிய நொடியில் பூனை உடலைச் சுருட்டிக்கொண்டால் மேலே சொன்ன எதையும் நடுவரால் அளக்க முடியாது. பயந்த பூனை முதுகை வளைக்கும், காதைப் படுக்கவைக்கும், வாலை வயிற்றுக்கடியில் ஒடுக்கும், கண்பாவை விரிந்து நிறமே தெரியாமல் கறுத்துவிடும். நல்ல உடம்பு குட்டையாகத் தெரியும், நல்ல காது தாழ்ந்ததாகத் தெரியும், செம்புநிறக் கண் கறுப்பாகத் தெரியும். நடுவர் இல்லாததைக் கண்டுபிடித்துக் குறை சொல்லவில்லை. இருப்பதைக் காட்டப் பூனை மறுத்துவிட்டது, அவ்வளவுதான். கடித்தாலோ கதை அங்கேயே முடிந்தது. ரிப்பன் வாங்கிய அந்தப் 'முடி கம்மி'ப் பூனை பெரும்பாலும் மேசையில் கால்நீட்டி நின்று இறகைப் பிடிக்கத் தாவிய பூனையாக இருக்கும்.

மூன்று மாதம் முன்னால்

குட்டிக்கு மனிதக் கை பழகும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அதில் பெரும்பகுதி வளர்ப்பவர் வீட்டில் கழிந்துவிடுவதால், குட்டி வாங்கும்போதே "யார் யார் தூக்கிப் பழக்கியிருக்கீங்க?" என்று கேட்பது நிறத்தைக் கேட்பதைவிடப் பயனுள்ளது. பிறகு செய்ய வேண்டியது சிறிய வேலைதான், ஆனால் தினமும் செய்ய வேண்டும். சமையல் மேடை, வாஷிங் மெஷின், அயர்ன் பண்ணும் மேசை என்று இடம் மாற்றி மாற்றி ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு நிறுத்துங்கள். காலுக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் எந்தப் பூனையும் பதுங்கும், அதனால் விரிப்பு கட்டாயம். மேலே சொன்ன வரிசையிலேயே தூக்கு, மோவாய், பல், கண், வால், பிறகு இறகுக் குச்சி. இரண்டு நிமிடம் போதும். முடிந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. பத்து நாள் கழித்து, வீட்டுக்கு வருகிற சித்தப்பா, எதிர்வீட்டு அக்கா, தண்ணி கேன் போடும் தம்பி என்று வேறு வேறு கைகளில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் கையில் சாதுவாக இருப்பது தேர்வில் வராத கேள்வி.

கூடையும் அப்படித்தான். மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் கூடையைப் பார்த்தால் பூனை கட்டிலுக்கடியில் போய்விடும். ஒரு மாதம் முன்பே கதவைத் திறந்து ஹாலில் வையுங்கள், உள்ளே பழைய துண்டைப் போட்டு அதிலேயே சாப்பாடு கொடுங்கள். பிறகு மூடி மாடிப்படி ஏறி இறங்குங்கள், தெருமுனை வரை போய்வாருங்கள். ஆட்டோவின் அதிர்வும் ஹாரனும் பழகாத பூனைக்கு அரங்குக்குப் போகும் பயணமே பாதி உயிரை எடுத்துவிடும். அடங்கியிருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. வெப்பத்தில் மூச்சு ஒடுங்கிவிடும், மேசையில் துவண்டு கிடக்கும் பூனையை நடுவர் உடனே கண்டுகொள்வார்.

தண்ணீர், ரோமம், படர்தாமரை

பெர்ஷியனைக் கண்காட்சிக்கு முதல்நாளோ அதற்கு முந்தின நாளோ குளிப்பாட்டினால் ரோமம் உப்பி நிற்கும். குட்டைமுடிப் பூனைக்கு மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிட வேண்டும், முடி படிய நேரம் வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கப் பல் சீப்பு, சிக்கு முழுவதும் எடுத்த பிறகே தண்ணீர். அக்குளிலும் காதுக்குப் பின்னும் ஒரு சிக்கு மிச்சமிருந்தால் நனைந்ததும் அது கம்பளிபோல் இறுகிக் கத்தரிக்கோலில்தான் முடியும். வாலின் அடிப்பகுதிச் சுரப்பியில் பிசுக்கு சேரும், முக்கியமாகக் கருத்தடை செய்யாத ஆணுக்கு. அங்கே ஷாம்பூவை இரண்டு முறை தனியாகத் தேய்க்க வேண்டும். நம் ஊருக்கே உரிய சிக்கல் போர் தண்ணீர். அதன் உப்பு ஷாம்பூவோடு சேர்ந்து ரோமத்தில் படிந்து, காய்ந்தபின் மங்கலாக, பிசுபிசுப்பாக நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்றை ஒதுக்குங்கள். வித்தியாசம் விரலில் தெரியும்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. மேல்முடி காய்ந்து, அடிமுடி ஈரமாகவே இருக்கும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் அது தானாகக் காயாது, அங்கேதான் படர்தாமரை கால் ஊன்றும். மிதமான சூட்டில் டிரையரை வைத்துச் சீவிக்கொண்டே அடிவரை காயவைக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வாசலில் மருத்துவர் சோதனையில் பூனைகள் திருப்பி அனுப்பப்படும் காரணங்களில் இந்தப் பூஞ்சை முன்வரிசையில் வருவது. வுட்ஸ் விளக்கு எனும் புறஊதா விளக்கின் கீழ் முடியடியில் பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் ஒளிராததால் இல்லை என்று ஆகாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் மருத்துவரிடமோ முடியைக் கொடுத்து வளர்ப்புச் சோதனை செய்துகொள்வது நல்லது. அதன் வித்துகள் மெத்தையிலும் சீப்பிலும் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆகவே இரவல் சீப்பு வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். காதில் காப்பித்தூள்போல் கரும்அழுக்கு, கண்ணில் பீளை, தும்மல், சினை, பால் கொடுக்கும் நிலை இவையும் தடைதான். முத்தடுப்பு ஊசியும் ரேபிஸ் ஊசியும் போட்ட அட்டை அசலாகக் கையில் இருக்க வேண்டும். குட்டி வகுப்பே நான்கு மாதத்தில்தான் தொடங்குகிறது.

சயாமீஸ், ஹிமாலயன் வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இவற்றின் நிறம் உடல்சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த இடத்தில் முடி கறுக்கும், சூடான இடத்தில் வெளுக்கும். குளிர்நாடுகளில் உடல்முடி மங்கிக் கறுப்பது பெரிய தலைவலி. சென்னையின் வெக்கை அந்த வகையில் நமக்கு உதவி. ஆனால் கருத்தடைக்காக விலாவில் சிரைத்த இடம் குளிர்ந்துபோவதால் அங்கே முளைக்கும் முடி கறுத்த சதுரமாக வரும். அடுத்த முடி உதிர்ந்து முளைக்கும் வரை மாறாது. அதைக் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்.

கண்காட்சி நாளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. முதல்நாள் இரவே நகம் வெட்டிவிடுங்கள். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்துங்கள். கூண்டு பெரும்பாலும் இரண்டடிச் சதுரம்தான், அதன் மூன்று பக்கமும் பருத்தித் துணி கட்டிப் பக்கத்துப் பூனையை மறைத்துவிடுங்கள். துணி கிளிப் போதும், ஊக்கு வேண்டாம். பூனையை நடுவர் கூண்டுக்குக் கொண்டுவரச் சொல்லி எண்ணை மூன்று முறை அழைப்பார்கள், மூன்றாவதற்கும் வராவிட்டால் வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். டீ குடிக்கப் போனதால் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. பூனை கைநழுவினால் துரத்தாதீர்கள். உரக்கச் சொல்லுங்கள், கதவுகளை மூடட்டும், எல்லோரும் அசையாமல் நிற்கட்டும். அது ஏதாவது மேசைக்கடியில்தான் போய் ஒடுங்கும்.

நாட்டுப் பூனையின் மேசை

வம்சாவளித் தாள் இல்லாத பூனைக்கு வீட்டுப்பூனை வகுப்பு இருக்கிறது. எழுதிவைத்த இலக்கணம் எதுவும் அதற்குக் கிடையாது. உடல்நலம், தூய்மை, அழகு, பழகும் தன்மை இவைதான் அளவுகோல். எட்டு மாதம் தாண்டியிருந்தால் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்பது சிஎஃப்ஏ, டிகா என்ற இரண்டு பூனை அமைப்புகளிலும் நிபந்தனை. தெருவில் குட்டிகள் பெருகி லாரிக்கடியில் சாகிற ஊரில் இதைவிட நல்ல நிபந்தனை வேறில்லை. சென்னை அமைப்பாளர்கள் இந்த வகுப்பைக் கடைசி வரிசைக்குத் தள்ளாமல் நடுநாயகமாக வைக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. நம் வரிப்பூனைக்கு இந்த வெயில் பிரச்சினையில்லை, மூச்சு பிரச்சினையில்லை, குளியலும் சீப்பும் அரைமணி வேலை. மேசைப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டால் எந்த விலையுயர்ந்த பூனைக்கும் அது இளைத்ததல்ல.

அமைப்பாளர்களிடம் இன்னொரு கோரிக்கையும் உண்டு. நடுவர்கள் பலர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அமெரிக்க முறையில் அவர்கள் மேசையிலேயே வாய்விட்டுக் காரணம் சொல்கிறார்கள், ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு பூனைக்கும் எழுத்தில் மதிப்புரை கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மேசைக்கும் மைக்கோடு ஒருவரை உட்காரவைத்து, "மோவாய் கொஞ்சம் பின்வாங்கியிருக்கு, உடம்பு நல்ல கனம், கண்ணுல பச்சை கலந்திருக்கு" என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வாசலில் கேட்கும் அந்தக் குமுறலில் நியாயமான பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

நடுவர் கூண்டின் மேலிருக்கும் எண் அட்டையைக் கவிழ்த்துவிட்டால் பூனையை எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். வீட்டுக்குப் போனதும் முதலில் உங்கள் உடையை மாற்றுங்கள், கூடையையும் துணியையும் வெந்நீரில் அலசுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை, தனி ட்ரே. ரிப்பனோடு வந்த பூனையைப் பார்த்து வீட்டுப் பூனை சீறும். நூறு பூனைகளின் வாசனையோடும் ஷாம்பூ வாசனையோடும் வந்து நிற்பது யாரென்று அதற்குத் தெரியாது. அந்த இரண்டு வாரம் கழிந்தபின் ஒரே துண்டால் இரண்டையும் மாறி மாறித் துடைத்துவிட்டு, அந்தத் துண்டைக் கதவிடுக்கில் போட்டுவையுங்கள்.